ஒரே ஒரு பாயிண்ட்! – ரக்பி லீக்கில் டிராப் கோல் பயிற்சியின் அவசியம்



ஒன்று என்ற எண்ணின் அருமையை டிப்ளமோ மாணவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. போர்டு எக்ஸாமில் 39க்கும் 40க்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், கணக்கு வாத்தியார் "ஒன்று" என்பார். அரியர் வைத்தவனைக் கேட்டால் "ஆறு மாசம்" என்பான். இரண்டுமே சரியான விடைதான்!

இப்படி ஒற்றை மதிப்பெண்ணில் தலையெழுத்து மாறும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ரக்பி லீக். அதில் ஒரே ஒரு பாயிண்ட் தரும் உதைக்கு டிராப் கோல் என்று பெயர். "ஏம்ப்பா, ஒரு பாயிண்டுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு பாயிண்டுக்கு ஏன் தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

தொழிலாளிகள் வளர்த்த ஆட்டம்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்து கொள்வோம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. பதினைந்து பேர் ஆடுவது ரக்பி யூனியன். பதின்மூன்று பேர் ஆடுவது ரக்பி லீக். ஒரே வயிற்றில் பிறந்த இந்த இரண்டு பிள்ளைகளும் பிரிந்தது பணத் தகராறில். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடு கட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள். மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கிளப்புகள் கூடித் தனி அமைப்பு கண்டன. அதுதான் இன்றைய ரக்பி லீக். 1906இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை பதின்மூன்றாகக் குறைந்தது. இன்று விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ் போன்ற ஊர்களிலும், ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களிலும் இது சோறு தண்ணி மாதிரி.

ஆட்டம் 80 நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வாய்ப்பு. அதாவது ஆறு தடவை பிடிபடலாம். ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை பிடிபட்டதும், பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார். அவருக்குப் பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் அதை எடுத்துப் பாஸ் செய்வார். எதிரணியில் மார்க்கர் எனப்படும் இரண்டு பேர் மட்டும் அந்த இடத்தில் நிற்கலாம். மற்றவர்கள் 10 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும்.

பாயிண்ட் கணக்கு ரொம்பச் சுலபம். கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை: 4 பாயிண்ட். அதற்குப் பின் உதைக்கும் கன்வெர்ஷன்: 2. பெனால்டி கோல்: 2. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும் போதே, பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது தரையைத் தொட்டு எழும்பும் நொடியில் உதைத்து, கம்பத்துக்கு நடுவே குறுக்குக் கட்டைக்கு மேலே அனுப்பினால் அது டிராப் கோல்: 1 பாயிண்ட். ஆஸ்திரேலியாவில் இதை ஃபீல்டு கோல் என்பார்கள்.

இந்த உதைக்கு ஒரு காலத்தில் 2 பாயிண்ட் இருந்தது. சிட்னியின் சவுத் சிட்னி அணியில் எரிக் சிம்ஸ் என்று ஒருவர். 1970 கிராண்ட் ஃபைனலில் மட்டும் நான்கு ஃபீல்டு கோல் போட்டார். இப்படியே போனால் எல்லாரும் உதைத்துக் கொண்டே இருப்பார்கள், ஓடுவதை மறந்துவிடுவார்கள் என்று பயந்து 1971இல் மதிப்பை ஒன்றாகக் குறைத்தார்கள். மதிப்பு குறைந்தது, ஆனால் மவுசு குறையவில்லை. அது ஏன்?

ஒற்றைப்படை ரகசியம்

மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். 4, 2, 2. எல்லாம் இரட்டைப்படை. டிராப் கோல் மட்டும்தான் ஒற்றைப்படை! இரண்டு அணியும் டிராப் கோலே போடவில்லை என்றால் இரண்டு ஸ்கோரும் இரட்டைப்படையில்தான் இருக்கும். அப்படியானால் ஆட்டம் சமனில் முடிய வாய்ப்பு அதிகம். அந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரே சாவி இந்த ஒற்றை பாயிண்ட்.

இன்னொரு கோணம். நீங்கள் 6 பாயிண்ட் முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிரணி ஒரு டிரை, ஒரு கன்வெர்ஷன் போட்டால் 6 வந்து சமன். ஆனால் நீங்கள் ஒரு டிராப் கோல் போட்டு 7 ஆக்கிவிட்டால்? அவர்கள் ஒரு தடவை அடித்தால் போதாது, இரண்டு தடவை அடிக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் இது மலையும் மடுவும் போன்ற வித்தியாசம். 12ஐ 13 ஆக்குவதும் இதே கணக்குதான்.

போதாக்குறைக்கு, ரக்பி லீக்கில் பாயிண்ட் விட்டுக் கொடுத்த அணிதான் அடுத்து கிக்-ஆஃப் செய்ய வேண்டும். ஆக, டிராப் கோல் போட்டவருக்குப் பாயிண்டும் கிடைக்கிறது, பெரும்பாலும் பந்தும் திரும்பக் கிடைக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

வரலாறு சொல்லும் பாடம்

1989, சிட்னி கிராண்ட் ஃபைனல். பால்மெயின் அணி 14-8 என்று கான்பெராவை முந்தி நிற்கிறது. சரியாக 6 பாயிண்ட் முன்னிலை. மேலே பார்த்த கணக்கு நினைவிருக்கிறதல்லவா? பால்மெயினின் பென்னி எலியாஸ் டிராப் கோலுக்கு முயன்றார். பந்து குறுக்குக் கட்டையில் மோதித் திரும்பியது. ஒரு சாண் உயரம் கூடுதலாகப் போயிருந்தால் 15-8. கோப்பை ஏறக்குறைய கைக்குள். கடைசி நேரத்தில் கான்பெராவின் ஜான் ஃபெர்குசன் டிரை போட, மால் மெனிங்கா கன்வெர்ஷன் உதைக்க, 14-14. கூடுதல் நேரத்தில் கான்பெராவின் கிறிஸ் ஓ'சலிவன் ஒரு ஃபீல்டு கோல் போட்டார். பிறகு ஒரு டிரையும் சேர, 19-14 என்று கான்பெரா ஜெயித்தது. ஒரே ஆட்டத்தில் ஒரு டிராப் கோல் தவறியதும், இன்னொன்று விழுந்ததும் கதையை மாற்றிவிட்டன.

2003 முதல் ஆஸ்திரேலிய என்.ஆர்.எல். போட்டியில் கோல்டன் பாயிண்ட் முறை வந்தது. சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், அதில் முதலில் பாயிண்ட் எடுப்பவர் வெற்றி. இங்கிலாந்தின் சூப்பர் லீக்கும் 2019இல் இதை ஏற்றது. டிராப் கோலுக்குக் கேட்கவா வேண்டும்!

2015 என்.ஆர்.எல். கிராண்ட் ஃபைனல். பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு எதிராக நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ். கடைசி நொடியில் கைல் ஃபெல்ட் டிரை போட, 16-16. ஜொனாதன் தர்ஸ்டன் ஓரத்திலிருந்து உதைத்த கன்வெர்ஷன் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அது விழுந்திருந்தால் அப்போதே வெற்றி. வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். சில நிமிடங்களில் கோல்டன் பாயிண்டில் அதே தர்ஸ்டன் டிராப் கோல் போட்டு 17-16 என்று முடித்து வைத்தார். கவ்பாய்ஸுக்கு அது முதல் கோப்பை.

2022 உலகக் கோப்பை அரையிறுதி, லண்டன். முதல் சுற்றில் இங்கிலாந்திடம் 60-6 என்று அடி வாங்கிய சமோவா, அதே இங்கிலாந்தை 27-26 என்று வென்றது. கோல்டன் பாயிண்டில் டிராப் கோல் போட்டவர் ஸ்டீபன் கிரைட்டன். அவர் ஆடுவது சென்டர் இடத்தில். டிராப் கோல் வேலை வழக்கமாக விழும் ஹாஃப் பேக் இடத்துக்காரர் இல்லை! 2023 பிப்ரவரியில் வேர்ல்டு கிளப் சேலஞ்ச் ஆட்டம். பென்ரித் அணியின் சொந்த மைதானத்திலேயே செயின்ட் ஹெலன்ஸின் லூயிஸ் டாட் கோல்டன் பாயிண்டில் டிராப் கோல் போட்டார். 13-12. இந்த ஸ்கோர்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 19, 17, 27, 13. ஒற்றைப்படையைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

தவறிய உதைகூட வெற்றி தந்த கதை ஒன்று உண்டு. 2020 சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனல். செயின்ட் ஹெலன்ஸ், விகன் 4-4. கடைசி நொடி. செயின்ட் ஹெலன்ஸின் டாமி மேக்கின்சன் தூரத்திலிருந்து டிராப் கோல் முயல, பந்து கம்பத்தில் மோதி உள்ளே விழுந்து துள்ளியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்க, ஜாக் வெல்ஸ்பி மட்டும் துரத்திக் கொண்டு போய்ப் பந்தின் மேல் விழுந்தார். டிரை! 8-4. உதைப்பவர் மட்டும் பயிற்சி செய்தால் போதாது, துரத்துபவரும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இதில் நம்ம பாடமும் இருக்கு!

டிராப் கோல் ஏன் கஷ்டம்? பெனால்டியில் பந்தை நிறுத்தி வைத்து, மூச்சு வாங்கி, நிதானமாக உதைக்கலாம். யாரும் குறுக்கே வர மாட்டார்கள். டிராப் கோலில் எதிராளி முகத்துக்கு நேரே பாய்ந்து வருவார். அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் படித்தது எதற்கு?

முதலாவது, நேரம். பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தரை தொட 0.45 நொடி ஆகும். அரை மீட்டரிலிருந்து விட்டால் 0.32 நொடி. வித்தியாசம் 0.13 நொடிதான். ஆனால் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வருபவர் அந்த நேரத்தில் ஏறக்குறைய 0.9 மீட்டர் நெருங்கிவிடுவார். அதனால்தான் குனிந்து, தாழ்வாக விட வேண்டும். தாழ்வாக விட்டால் பந்து காற்றில் புரளுவதும் குறைவு. முட்டை வடிவப் பந்து கோணலாக விழுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, உயரம். குறுக்குக் கட்டை 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் எட்டரை டிகிரி ஏற்றம். ஆனால் 4 மீட்டர் முன்னால் ஒருவர் கையைத் தூக்கி இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழும்பினால், அவர் விரலைத் தாண்டவே 32 டிகிரிக்கு மேல் வேண்டும். அவர் 2 மீட்டருக்கு வந்துவிட்டால் 51 டிகிரி! ஆக, உதையை உயர்த்தச் சொல்வது கட்டைக்காக அல்ல, எதிராளியின் கைக்காக.

மூன்றாவது, இடம். இரண்டு கம்பத்துக்கும் இடைவெளி 5.5 மீட்டர். நேர் எதிரே 20 மீட்டரில் நின்றால் அந்த இடைவெளி கண்ணுக்கு 15.7 டிகிரி அகலம். நேர் எதிரே 40 மீட்டரில் 7.9 டிகிரி. இப்போது 20 மீட்டர் தூரத்திலேயே நின்று, நடுவிலிருந்து 20 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். அதுவும் 7.9 டிகிரிதான்! கிட்டத்தில் நிற்கிறோம் என்று நினைப்போம், ஆனால் குறியின் அகலம் 40 மீட்டர் தொலைவுக்குச் சமம். ஆகவே கடைசி இரண்டு மூன்று டேக்கிளில் பந்தை நடுவுக்குக் கொண்டு வருவது உதைப்பதில் பாதி வேலை.

என்.ஆர்.எல். 2021இல் இன்னொரு மாற்றம் செய்தது. 40 மீட்டர் கோட்டுக்கு அப்பாலிருந்து போடும் ஃபீல்டு கோலுக்கு 2 பாயிண்ட். அப்படியானால் தூர உதைக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்று ஆகிவிட்டது.

எப்படிப் பயிற்சி செய்வது?

ஒன்று: முதலில் உதைக்கவே வேண்டாம். பந்தை விடுவதை மட்டும் பழகுங்கள். இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடித்து, மேல் முனையை லேசாகத் தன் பக்கம் சாய்த்து, முனையில் விழும்படி விட வேண்டும். நல்லபடி விட்டால் பந்து ஒழுங்காக எழும்பும். நூறு தடவை விட்டு, எத்தனை தடவை ஒரே மாதிரி எழும்பியது என்று எண்ண வேண்டும்.

இரண்டு: 15 மீட்டரில் நேர் எதிரே நின்று ஒரே எட்டில் உதைக்க வேண்டும். தலை குனிந்தே இருக்கட்டும். பந்து போகிறதா என்று பார்க்கும் ஆசையில் தலையைத் தூக்கினால் உடம்பும் சேர்ந்து எழும்பி, உதை சரியாகப் படாது.

மூன்று: பாஸ் வாங்கி உதைக்க வேண்டும். இடது பக்கத்திலிருந்து, வலது பக்கத்திலிருந்து, உயரமாக, தாழ்வாக, வேண்டுமென்றே மோசமாகப் போடச் சொல்லியும் வாங்க வேண்டும். ஆட்டத்தில் எப்போதும் நல்ல பாஸே வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான்கு: எதிரே இரண்டு பேரை மார்க்கர் மாதிரி ஓடி வரச் சொல்ல வேண்டும். தனியாக நின்று பத்துக்குப் பத்து போடுபவர், ஆள் ஓடி வந்தால் பத்துக்கு நான்குதான் போடுகிறார் என்றால், அவருடைய உண்மையான மார்க் நான்கு.

ஐந்து: களைத்த பிறகு உதைக்க வேண்டும். டிராப் கோல் தேவைப்படுவது 5ஆவது நிமிடத்தில் அல்ல, 78ஆவது நிமிடத்தில். பயிற்சியை ஆரம்பிக்கும் போது உதைப்பதைவிட, ஓடி முடித்து மூச்சிரைக்கும் போது உதைப்பதே நிஜமான பரீட்சை.

ஆறு: இரண்டு காலாலும். இதற்குச் சாட்சி அண்ணன் வீட்டிலிருந்து, அதாவது ரக்பி யூனியனிலிருந்து வருகிறது. அங்கே டிராப் கோலுக்கு 3 பாயிண்ட். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரம் முடிய அரை நிமிடம்கூட இல்லாத போது, இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் டிராப் கோல் போட்டு ஆஸ்திரேலியாவை 20-17 என்று வீழ்த்தினார். அவர் இடதுகால் ஆட்டக்காரர். அந்த உதை வலது காலால்! விடாமல் பயிற்சி செய்பவர் என்று பெயரெடுத்த மனுஷன் அவர். அந்த உதைக்கு முன் கேப்டன் மார்ட்டின் ஜான்சன் பந்தை வாங்கி இன்னொரு முறை முட்டி, பாஸ் கொடுக்க வேண்டிய மேட் டாசன் எழுந்து வந்து தன் இடத்தில் நிற்க நேரம் வாங்கிக் கொடுத்தார். கூட்டு முயற்சி என்பது இதுதான்.

ஏழு: எல்லாரும் பழக வேண்டும். ஹாஃப் பேக் காயம் பட்டு வெளியே போனால்? கிரைட்டன் சென்டர், மேக்கின்சன் விங்கர் என்பதை மறக்க வேண்டாம்.

எட்டு: எழுதி வைக்க வேண்டும். தூரம், கோணம், கால், விழுந்ததா இல்லையா. நம்ம லேப் அப்சர்வேஷன் நோட் மாதிரிதான். ஒரு மாதம் எழுதினால், "எனக்கு 25 மீட்டர் வரை நம்பலாம், இடது ஓரம் ஆகாது" என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடைசி நிமிடத்தில் கேப்டன் "முடியுமா?" என்று கேட்டால், பதில் நோட்டிலிருந்து வரும், வீம்பிலிருந்து வராது.

எதிர்க்கட்சி வாதம்

"அட போப்பா, பத்து ஆட்டத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் உதைக்கு தினமும் அரை மணி நேரமா? அந்த நேரத்தில் டேக்கிள் பழகலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டேக்கிள் ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கில் வரும், அதில் ஒன்று தவறினால் அடுத்தவர் பிடித்துக் கொள்ளலாம். டிராப் கோலுக்கு அடுத்தவர் இல்லை. தவறி, பந்து மைதானத்தைத் தாண்டிப் போய்விட்டால், எதிரணி 20 மீட்டர் கோட்டிலிருந்து ஹாயாக ஆட்டத்தைத் தொடங்கும். அபூர்வமாக வருவது என்பதாலேயே ஆட்டத்தில் அதைப் பழக வாய்ப்பு கிடைக்காது. ஆட்டம் கற்றுத் தராததைப் பயிற்சிதான் கற்றுத் தர வேண்டும்.

"கோல்டன் பாயிண்ட் வந்ததும் எல்லாரும் உதைத்துக் கொண்டே இருக்கிறார்கள், ஓட்டமும் பாஸும் போச்சு" என்று வருத்தப்படும் ரசிகர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நன்றாக உதைக்கத் தெரிந்த அணிக்கு ஓடும் வழியும் திறக்கும். உதைப்பார் என்று பயந்து எதிரணி முழுக்க ஒருவரையே நோக்கிப் பாயும் போது, பக்கவாட்டில் இடம் காலி. 1997இல் மேன்லி அணியுடனான கிராண்ட் ஃபைனலில் நியூகாசில் அதைத்தான் செய்தது. 16-16, கடைசி நொடிகள். எல்லாரும் ஃபீல்டு கோலை எதிர்பார்த்திருக்க, ஆண்ட்ரூ ஜான்ஸ் ஓரமாக ஓடி டேரன் ஆல்பர்ட்டுக்குப் பந்தைக் கொடுத்தார். டிரை! 22-16. உதைக்கத் தெரியாத அணியைப் பார்த்து யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்மில் பலர் ரக்பி பந்தைக் கையில் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் நமக்கும் டிராப் கோல்கள் உண்டு. வைவாவில் எதிர்பாராத ஒரு கேள்வி. நேர்முகத் தேர்வில் "இந்த டிராயிங்கைப் படித்துச் சொல்லுங்கள்" என்று நீட்டப்படும் ஒரு தாள். நாளை வேலைக்குப் போன இடத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை தீ அணைப்பானைத் தூக்க வேண்டிய ஒரு நிமிஷம். இவையெல்லாம் தினமும் வருவதில்லை. வரும் போது சொல்லிவிட்டும் வருவதில்லை. வந்தால் பழகிக் கொள்ளலாம் என்றால் முடியாது, பழகியிருந்தால்தான் முடியும்.

எலியாஸின் உதை கட்டையில் பட்டது, ஓ'சலிவனின் உதை உள்ளே போனது. இருவருமே திறமைசாலிகள்தான். பயிற்சி செய்தால் கட்டையில் படவே படாது என்று யாரும் உறுதி தர முடியாது. தர்ஸ்டனுக்கும் கம்பத்தில் பட்டதே! பயிற்சி வெற்றியை எழுதிக் கொடுப்பதில்லை. அந்த நிமிஷம் வரும்போது, "நான் உதைக்கிறேன், பந்தைக் கொடு" என்று கேட்கும் தைரியத்தைக் கொடுக்கிறது. மிச்சத்தைக் காலும் காற்றும் பார்த்துக் கொள்ளும்.

ஒரு பாயிண்ட்தானே என்று யாராவது சொன்னால் சிரித்துக் கொண்டே 39ஐயும் 40ஐயும் காட்டுங்கள். அனைவருக்கும் வாழ்த்துக்கள்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை